ஐந்து மாதமாக மோஷன் சரியில்லை, பெரியப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்திருக்குமா?

பின்னலாடைக்காரன்
செவ்வாய், இரவு 1:50

வணக்கமுங்க. வயது 35, திருப்பூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை, சொந்த ஊர் கோபி பக்கம். இதைக் கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் சொல்லிச் சொல்லி அவர்களும் சலித்துப் போனார்கள், வேறு யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

போன தை மாதம் எங்கள் பெரியப்பா, அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், பெருங்குடல் கேன்சரில் இறந்துபோனார். 64 வயதில் கண்டுபிடித்தார்கள், அப்புறம் ஒன்றரை வருடம்கூட இல்லை. கடைசி மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போய் வந்தது நான்தான். வயிற்றில் ஓட்டை போட்டுப் பை வைத்திருந்தார்கள். சித்தோடு தாண்டும்போது அந்தப் பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, "உனக்கு வேலை கெடுதே சாமி" என்பார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

காரியம் முடிந்து பதினைந்து நாள் இருக்கும், எனக்கு வயிறு மாறிவிட்டது. முன்பெல்லாம் காலையில் ஒரு தடவை, அத்தோடு சரி. இப்போது எழுந்ததும் ஒரு தடவை, டீ குடித்ததும் ஒரு தடவை, கம்பெனிக்குக் கிளம்பி ஹெல்மெட் மாட்டும்போது ஒரு தடவை. சில நாள் தண்ணியாட்டம், சில நாள் ஆட்டுப்புழுக்கை மாதிரி, சில நாள் விரல் மொத்தம்கூட இல்லாமல் மெலிசாக. சளி மாதிரியும் வருகிறது. போய் வந்தாலும் முழுசாகப் போன மாதிரி இல்லை. எடை 71 இருந்தது, இப்போது 67.

டாக்டரைப் பார்த்தேன். ரத்தப் பரிசோதனை, மோஷன் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் எல்லாம் நார்மல், ஹீமோகுளோபின் 14. டென்ஷன்தான், குடல் எரிச்சல் நோய் என்று மாத்திரை கொடுத்தார். மனசு கேட்கவில்லை, நானே லேபுக்குப் போய் ரத்தத்தில் கேன்சர் அடையாளம் பார்க்கிற சி.இ.ஏ. என்கிற டெஸ்ட்டும் எடுத்தேன், அதுவும் நார்மல். நார்மல் என்று பேப்பரைப் பார்த்தால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் மறுபடியும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

ராத்திரி ஒரு மணிக்கு மேல் போனில் தேடித் தேடிப் படிக்கிறேன். சாட்விக் போஸ்மேன் என்கிற நடிகர் 2020ல் இதே நோயில் 43 வயதில் இறந்ததைப் படித்ததிலிருந்து வயசு குறைவு என்கிற தைரியமும் போய்விட்டது. தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன், சில நாள் போட்டோகூட எடுத்து வைத்து முந்தின நாளோடு ஒப்பிடுகிறேன். கறி விட்டாச்சு, கல்யாணம் காட்சிக்குப் போவதில்லை. ஊருக்குப் போவதென்றால் பெருமாநல்லூரில் எங்கே கழிப்பறை, குன்னத்தூரில் எங்கே என்று கணக்குப் போட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். பெண்ணுக்கு நாலு வயது. அவள் முகத்தைப் பார்த்தால் அழுகை வருகிறது.

யாருக்காவது இப்படி இருந்து பார்த்திருக்கிறீர்களா? உண்மையில் கேன்சராக இருந்தால் எப்படித் தெரியும்?


பவானி அக்கா
புதன், காலை 6:15

ஏனுங்க தம்பி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எங்கள் வீட்டுக்காரருக்கு 2017ல் பெருங்குடலில், இடது பக்கம் கீழே, சிக்மாய்டு என்று சொல்கிற இடத்தில் கேன்சர் வந்தது. அப்போது அவருக்கு 54. இன்றைக்கு நல்லபடியாக இருக்கிறார், இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பேரைக் கேட்டாலே முடிவு என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பது எழுத்தில் தெரிகிறது. பெரியப்பாவைக் கிட்டத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். எங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது என்று சொல்கிறேன். அவருக்கு மலத்தோடு ரத்தம் வந்தது. வந்ததும் "உடம்புச் சூடு" என்றார். நாங்களும் வெந்தயம் ஊற வைத்துக் கொடுத்தோம், இளநீர் கொடுத்தோம். நிற்கவில்லை என்றதும் மூலம் என்று முடிவு கட்டி துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார், யாரோ சொன்னார்கள் என்று ஒரு லேகியம். இப்படியே ஏழு மாதம். ஒரு நாள் கூட டாக்டரிடம் போகவில்லை, ஒரு நாள் கூடப் பயப்படவும் இல்லை. கடைசியில் ஜமக்காளக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற முடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார், ஆள் வெளுத்துப் போயிருந்தார். அப்போதுதான் ரத்தம் பார்த்தோம், ஹீமோகுளோபின் 8. அப்புறம் ஆசனவாய் வழியாகக் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தார்கள், ஆபரேஷன், அதற்குப் பிறகு 21 நாளுக்கு ஒரு தடவை என்று எட்டு தடவை கீமோ. அந்த ஆறு மாதமும் பிரிட்ஜ் தண்ணியைத் தொட்டால் விரலில் ஷாக் அடிக்கிற மாதிரி இருக்கும் என்பார், குளிர்ச்சியாக எதையும் தொடவே மாட்டார்.

நீங்கள் எல்லாம் எழுதினீர்கள், ரத்தத்தைப் பற்றி வந்தது என்றும் இல்லை, வரவில்லை என்றும் இல்லை. தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறவர் அதை மட்டும் எப்படி எழுதாமல் விட்டீர்கள்? தப்பாக நினைக்க வேண்டாம் கண்ணு, ஏழு மாதம் ஏமாந்தவள் என்பதால் கேட்கிறேன். ராத்திரி நல்ல தூக்கத்தில் இருக்கும்போது வயிறு எழுப்பி விடுகிறதா என்பதையும் சொல்லுங்கள். நாம் முழித்திருக்கும்போது போவது வேறு, அது நம்மை எழுப்புவது வேறு.


சிறுவாணித் தண்ணி
புதன், மதியம் 1:05

நண்பா, நான் கோவை. உங்கள் பதிவில் பெயரை மாற்றிவிட்டால் மூன்று வருடத்துக்கு முந்தைய நான். எனக்கு யாரும் இறக்கவில்லை, ஆபீசில் ஒருவருக்கு வந்தது, அதுவே போதுமாக இருந்தது. டார்ச், போட்டோ, எடை பார்ப்பது எல்லாம் அப்படியே. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை வயிற்றை அமுக்கி அமுக்கிப் பார்த்து, அமுக்கின இடத்தில் வலி வந்து, அந்த வலியையும் கட்டி என்று நினைத்தேன்.

முதலில் வயிறு. எனக்கு வந்தது ஐ.பி.எஸ். உங்கள் டாக்டர் சொன்ன குடல் எரிச்சல் நோய் அதுதான். அது கற்பனை நோய் இல்லை, "டென்ஷன்தான்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவதால்தான் நமக்கு நம்பிக்கை வருவதில்லை. குடலுக்கென்று தனி நரம்புப் பின்னல் இருக்கிறது, அதில் மட்டும் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பு செல்கள். மூளையில் பயம் கிளம்பினால் அங்கே சுரக்கிற ஹார்மோன் பெருங்குடலின் அசைவை வேகமாக்கும். பரீட்சைக்குப் போகும்போது வயிறு கலங்குவதும் இதுதான், நமக்குப் பரீட்சை தினமும் நடக்கிறது. சாப்பிட்டதும் போக வேண்டும் போல இருப்பதும் எல்லோருக்கும் உள்ளதுதான், இரைப்பை நிறைந்தால் பெருங்குடல் சுருங்கும், நமக்கு அது கொஞ்சம் அதிகம். சளி மாதிரி வருவதும், முழுசாகப் போகாத உணர்வும் ஐ.பி.எஸ்ஸில் சாதாரணம். மலத்தின் வடிவத்தை ஏழு வகையாகப் பிரித்து பிரிஸ்டல் அட்டவணை என்று ஒன்று உண்டு. நான் காலையில் முதல் வகை, மதியம் ஆறாவது வகை என்று ஒரே நாளில் போய்க்கொண்டிருந்தேன்.

டீ எத்தனை குடிக்கிறீர்கள்? எனக்கு நாளைக்கு ஆறு டீ, எல்லாம் பாலில். பால் சர்க்கரை சேராதது நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இருக்கிறது. பாலை நிறுத்தி இரண்டு வாரத்தில் பாதி சரியானது. கொள்ளு, வெங்காயம், பூண்டு அதிகமானால் எனக்கு வாயு பிடிக்கும், அரிசிம்பருப்புச் சாதம் ஒன்றும் செய்யாது. இசப்கோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், உதவியது. இதெல்லாம் என் வயிற்றுக்கு, உங்களுக்கு மாறலாம்.

இனி எழுதப் போவதுதான் முக்கியமாக எனக்குப் படுகிறது. நான் 29 வயதில் டாக்டரிடம் கெஞ்சி கொலனோஸ்கோபி, அதாவது அக்கா சொன்ன அந்தக் கேமரா டெஸ்ட், எடுத்தேன். சுத்தமாக நார்மல். ஆஸ்பத்திரி வாசலில் அழுதேன், கடவுளே என்று மருதமலைக்குப் போய் வந்தேன். அந்த நிம்மதி பத்தொன்பது நாள் இருந்தது. இருபதாவது நாள், கேமராவில் ஒரு மடிப்புக்குப் பின்னால் பார்க்காமல் விட்டிருந்தால் என்று ஆரம்பித்தது. அப்புறம் பயம் கணையத்துக்குப் போனது, அங்கிருந்து தலைக்குப் போனது. அப்போதுதான் எனக்கு இரண்டு நோய் இருப்பது புரிந்தது. வயிற்றுக்கு ஒரு டாக்டர், பயத்துக்கு ஒரு டாக்டர் வேண்டியிருந்தது. மனநல மருத்துவரிடம் போனேன், ஒரு மாத்திரையும், சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சையும். அவர் முதலில் நிறுத்தச் சொன்னது டார்ச். பார்க்கப் பார்க்க நிம்மதி வரும் என்று நாம் நினைக்கிறோம், பார்த்ததும் வருகிற அந்த ரெண்டு நிமிட நிம்மதிதான் மறுபடி பார்க்கச் சொல்கிறது. முதல் வாரம் கை நடுங்கியது. ஆறாவது வாரத்தில் ஒரு நாள் பார்க்க மறந்தே போனேன்.

உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச எண், தமிழில் பேசுவார்கள். ராத்திரி ஒன்றரை மணிக்குத் தேடிப் படிப்பதற்குப் பதில் அதற்குப் போடுங்கள்.

ஆனால் அக்கா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பயம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதை வைத்து இதை மறைக்கக் கூடாது.


இரவுப்பணி செவிலி
புதன், இரவு 10:30

எண்டோஸ்கோபி பிரிவில் பதினொரு வருடமாக ஸ்டாப் நர்ஸ். டாக்டர் இல்லை, உங்களைப் பரிசோதிக்கவும் இல்லை, இதை மனதில் வைத்துப் படியுங்கள் சகோ.

சி.இ.ஏ. டெஸ்ட் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது கேன்சர் உள்ளவர்களுக்கு சிகிச்சைக்குப் பின் திரும்ப வருகிறதா என்று கண்காணிக்க உதவும். இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க அல்ல. ஆரம்ப நிலையில் பலருக்கு நார்மலாகவே இருக்கும், பீடி சிகரெட் பிடிப்பவர்களுக்கு ஒன்றும் இல்லாமலே கூடும். வயிற்று ஸ்கேனும் கல்லீரல், பித்தப்பை, சிறுநீரகத்துக்கு நல்லது, குடலில் காற்று இருப்பதால் உள்பக்கம் அதில் சரியாகத் தெரியாது. ஆக நீங்கள் நிம்மதிக்காக வைத்திருக்கிற இரண்டு பேப்பரும் நீங்கள் கேட்கிற கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை. பயமுறுத்தச் சொல்லவில்லை. ஹீமோகுளோபின் 14 இருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி, உள்ளே மாதக்கணக்கில் ரத்தம் கசிந்தால் அது குறைந்திருக்கும்.

மெலிசாகப் போவதை வைத்து இணையத்தில் பெரிய பயம் காட்டுகிறார்கள். மற்றபடி எதுவும் இல்லாமல் அது மட்டும் இருந்தால் கட்டி என்று அர்த்தம் இல்லை, இளகிப் போனாலே மெலிசாகத்தான் வரும். எடை நாலு கிலோ குறைந்ததும், கறியை விட்டு, பயத்தில் ராத்திரிச் சாப்பாட்டையும் விட்டிருந்தால் குறையத்தான் செய்யும், அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். நாங்கள் கவனிப்பது வேறு: ரத்தம், காரணம் இல்லாத ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்புகிற பேதி, சாப்பிட்டும் இளைப்பது, விட்டுவிட்டு வரும் காய்ச்சல். நம் ஊரில் குடலில் காசநோயும் வரும், அதுவும் கேன்சர் மாதிரியே வேஷம் போடும், அது மருந்தில் குணமாகக்கூடியது. குடல் புண் அழற்சி நோய்களும் உண்டு, அது இருக்கிறதா என்று பார்க்க மலத்தில் கால்புரோடெக்டின் என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது, உங்கள் டாக்டரிடம் கேட்கலாம்.

ரத்தம் வந்தால் சூடு என்றோ மூலம் என்றோ வீட்டில் முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலும் மூலமாகவோ ஆசனவாய் வெடிப்பாகவோதான் இருக்கும், ஆனால் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 50 வயதுக்குக் கீழே இந்த நோய் பல நாடுகளில் கூடிவருகிறது, அமெரிக்காவில் 2021ல் பொதுவான பரிசோதனை வயதையே 50லிருந்து 45க்கு இறக்கினார்கள். நம் நாட்டில் அந்த நாடுகளை விடக் குறைவுதான், அதனாலேயே யாரும் சந்தேகப்படுவதும் இல்லை, எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் பவானி அக்கா வீட்டுக்காரர் மாதிரி லேகியம் தாண்டித்தான் வருகிறார்கள்.

இன்னொன்று. உங்கள் பதிவில் எனக்கு உறுத்தியது நீங்கள் இல்லை சகோ, உங்கள் அப்பா. பெரியப்பா உங்களுக்கு இரண்டாம் கட்ட உறவு, அவர் ஒருவருக்கு வந்ததால் உங்கள் ஆபத்து பெரிதாக ஏறிவிடாது. அப்பாவுக்கு அவர் கூடப்பிறந்தவர். கூடப்பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ பிள்ளைக்கோ வந்திருந்தால் 40 வயதிலிருந்தே பார்க்க வேண்டும், அவர்களுக்கு இளம் வயதில் வந்திருந்தால் அந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே. இந்த நோய் பெரும்பாலும் பாலிப் என்கிற சின்னச் சதை வளர்ச்சியாக ஆரம்பித்து, கேன்சராக மாறப் பத்து வருடம் போல எடுக்கும். அந்தப் பத்து வருடத்தில் எப்போது பார்த்தாலும் கேமரா வழியாகவே கம்பி போட்டு எடுத்துவிடலாம், அத்தோடு அது முடிந்தது. உங்கள் அப்பாவுக்கு என்ன வயது? யாராவது பார்த்திருக்கிறார்களா?


பின்னலாடைக்காரன்
வெள்ளி, இரவு 11:20

இரண்டு நாளாக எழுதி எழுதி அழித்தேன்.

வந்ததுங்க. இரண்டு தடவை. முதல் தடவை சித்திரையில், சிவப்பாக நாலைந்து சொட்டு, கூடவே கிழித்த மாதிரி எரிச்சல். இரண்டாவது தடவை மூன்று வாரம் முன்பு. டாக்டரிடம் சொல்லவில்லை. அவர் என் மனைவிக்குச் சொந்தம், உறவுமுறையில் மாமா ஆக வேண்டும், வீட்டு விசேஷங்களில் பார்க்கிறவர். அவரிடம் போய்ப் பின்னால் ரத்தம் வருகிறது என்று எப்படிச் சொல்வது, படுக்க வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது. அது மட்டுமில்லை. சொன்னால் கேமரா விடச் சொல்வார், கேமரா விட்டால் தெரிந்துவிடும். தெரிந்துகொள்ளத்தான் இத்தனை டெஸ்ட் எடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் தெரியாமல் இருக்கிற டெஸ்ட்டாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். எழுதும்போதுதான் இது எனக்கே தெரிகிறது. ராத்திரித் தூக்கத்தில் எழுப்புவதில்லை அக்கா, நான்தான் தூங்குவதே இல்லை.

அப்பாவுக்கு 62. யாரும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. ஐந்து மாதமாக என் வயிறு, என் வயிறு என்று இருந்திருக்கிறேன். இன்று சாயங்காலம் போன் போட்டேன். மஞ்சளுக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்குது, நீ உன் உடம்பைப் பாரு" என்று வைத்துவிட்டார்.


பவானி அக்கா
சனி, காலை 5:50

சொன்னீர்களே, அது போதும் கண்ணு. சொந்தக்கார டாக்டர் வேண்டாம் என்றால் முகம் தெரியாத டாக்டரிடம் போங்கள், ஒன்றும் தப்பில்லை. அவர்கள் தினமும் இதைத்தான் பார்க்கிறார்கள்.

உங்கய்யனிடம் "உங்களுக்குப் பாருங்கள்" என்றால் வரமாட்டார். எங்கள் வீட்டிலும் அதே பிறவிதான். "எனக்குப் பயமாக இருக்கிறது, துணைக்கு வாங்க" என்று கூப்பிடுங்கள். பையன் கூப்பிட்டு வராத அப்பன் நம் பக்கத்தில் உண்டா? அங்கே போனதும் டாக்டரே கேட்பார், உங்கள் அண்ணனுக்கா வந்தது, உங்களுக்கு என்ன வயது என்று.


இரவுப்பணி செவிலி
சனி, காலை 8:10

அக்கா சொன்னது நல்ல வழி. எப்படியும் உங்களுக்குத் துணை வேண்டும், கேமரா விடும்போது மயக்க ஊசி போடுவதால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது.

வெளியில் பணம் அதிகம் என்றால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி மாதிரி பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, ராகி, கொய்யா, தக்காளி விதை மாதிரியானவற்றை நிறுத்த வேண்டும், முந்தின நாள் தெளிந்த நீராகாரம் மட்டும், இளநீர் குடிக்கலாம், பால் கூடாது, சிவப்புக் கலர் பானமும் கூடாது. குடலைச் சுத்தம் பண்ணுகிற பவுடரைத் தண்ணியில் கலக்கிப் பாதியை சாயங்காலமும் பாதியை விடியற்காலையிலும் குடிக்கச் சொல்வார்கள். கஷ்டம் முழுக்க அதில்தான், கேமரா அரை மணி நேரம், பெரும்பாலோருக்கு நினைவே இருக்காது. குடல் ஓட்டையாகிவிடும் என்று பயப்படுவார்கள், அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரையோ சர்க்கரை மாத்திரையோ சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், இரும்புச் சத்து மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். தண்ணி மாதிரி மஞ்சளாகப் போகிற வரை குடித்து முடிக்க வேண்டும், பாதியில் விட்டுவிட்டு வந்தால் எங்களால் ஒன்றும் பார்க்க முடியாது, திருப்பி அனுப்ப மனசு வராது.


பின்னலாடைக்காரன்
ஞாயிறு, மாலை 4:00 (ஆறு வாரம் கழித்து)

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்க வேண்டும்.

துணைக்கு வாங்க என்று சொன்னதும் அப்பா மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தோளில் ஒரு பை, அதில் எனக்கு நாட்டுச் சர்க்கரையும் எலுமிச்சம்பழமும். டாக்டர் என் கதையைக் கேட்டுவிட்டு, விரல் விட்டுப் பார்த்ததும் ஆசனவாயில் வெடிப்பு இருக்கிறது என்றார். ரத்தம் அதிலிருந்துதான் வந்திருக்கும், ஆனாலும் இத்தனை மாதமாக மாற்றம் இருப்பதால் ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம் என்றார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, அண்ணனுக்கு எந்த வயதில் வந்தது என்று கேட்டார். அப்பா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவனுங்க" என்றார். அவ்வளவுதான் பேசினார். ஒத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒரே நாளில் எடுத்தோம். முந்தின நாள் ராத்திரி திருப்பூர் வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து அந்தப் பவுடர் தண்ணியைக் குடித்தோம். அப்பா ஒவ்வொரு டம்ளருக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்துக் குடித்தார், நடுவில் பெரியப்பாவைப் பற்றி நிறையப் பேசினார், கொடிவேரியில் நீச்சல் கற்றுக்கொடுத்தது, பாகப்பிரிவினையில் கிணற்றுப் பக்கத்தை இவருக்கே விட்டுக்கொடுத்தது. காரியத்தன்று கூட அவர் இப்படிப் பேசி நான் பார்க்கவில்லை.

எனக்கு வெடிப்பைத் தவிர ஒன்றும் இல்லை, குடல் சுத்தம். சில இடங்களில் துளி சதை எடுத்துச் செய்த பயாப்சி பரிசோதனையும் நார்மல். ஐ.பி.எஸ். என்றே உறுதிப்படுத்தினார்கள். வெடிப்புக்குத் தடவ மருந்து, வெந்நீரில் உட்காருவது, நார்ச்சத்து.

அப்பாவுக்கு இரண்டு பாலிப் இருந்தது. ஒன்று 6 மில்லிமீட்டர், இன்னொன்று 12. அங்கேயே எடுத்துவிட்டார்கள். பயாப்சி முடிவு வர எட்டு நாள் ஆனது, அந்த எட்டு நாள் எப்படிப் போனது என்று எழுதத் தெரியவில்லை. அடினோமா என்று வந்தது. கேன்சர் இல்லை. விட்டிருந்தால் பின்னால் ஆகக்கூடிய வகை என்றார்கள். மூன்று வருடம் கழித்து அவருக்குத் திரும்பப் பார்க்க வேண்டும், எனக்கு 40 வயதில் இன்னொரு தடவை. அப்பா இப்போது மஞ்சளுக்கு மண் அணைக்கிற வேலையில் இருக்கிறார்.

சிறுவாணி நண்பா, நீங்கள் சொன்ன மாதிரியே நிம்மதி பதினோராம் நாள் போய்விட்டது. நீங்கள் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் பதறவில்லை. 14416க்கு இரண்டு தடவை பேசினேன், இப்போது ஒரு மனநல மருத்துவரைப் பார்த்து மூன்று வாரம் ஆகிறது. டார்ச்சை மனைவியிடம் கொடுத்துவிட்டேன், போட்டோக்களை அழித்துவிட்டேன். பால் டீயை விட்டதில் காலையில் மூன்று தடவை என்பது ஒன்றோ இரண்டோ ஆகியிருக்கிறது. எடை 68. போன வாரம் பெருமாநல்லூர், குன்னத்தூர் எங்கேயும் இறங்காமல் நேராக ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன், இறங்கியபின்தான் அது நினைவுக்கு வந்தது.


பவானி அக்கா
ஞாயிறு, மாலை 6:40

படித்ததும் எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினேன், அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லா இருங்க சாமி.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். உங்கய்யனுக்கும் பெரியப்பாவுக்கும் கூடப்பிறந்தவர்கள் வேறு யாராவது இருக்கிறார்களா? பெரியப்பா பிள்ளைகள்?


பின்னலாடைக்காரன்
ஞாயிறு, இரவு 8:15

பெரியப்பாவுக்கு ஒரே பையன், அண்ணனுக்கு 41. அவர் வருகிற வாரம் போகிறார், அப்பாவே கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு ஒரு தங்கையும் இருக்கிறார், காங்கேயத்தில், 57 வயது. அத்தையை நான் நினைக்கவே இல்லை அக்கா. இப்போதே போன் போடுகிறேன்.